படலைக்கு அங்கால போகாத பூனைகளும் போற பூனைகளும்

(கிழக்கிலங்கையில மூண்டு ஊரில பூனை வளக்கிறவங்க கதைக்கிறாங்க. ஆள்ட பேருக்குப் பதிலா ஊர்ப் பேர்.)

கல்லடி:
நம்மட வீட்டில ரெண்டு பேர். கறுப்பி சந்தையில மீன் பெட்டிகளுக்கு இடையில கிடந்து வந்தவள். செம்பன் நம்மட அலுமாரிக்குள்ளயே பிறந்தவன். தெருவில வளந்ததுதான் வெளிய ஓடும் எண்டு ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இங்க தலைகீழ். முன்கதவு திறந்து கிடந்தாலும் கறுப்பி நிலைப்படியில முன்னங்கால் ரெண்டையும் வச்சு, கழுத்தை நீட்டி மணந்து பாப்பாள். ஒழுங்கையில ஒரு ஆட்டோ ஹோர்ன் அடிச்சாப் போதும், வயிறு நிலத்தில முட்ட முட்டக் குசினிக்கு ஓடிவந்திருவாள். செம்பனுக்குப் படலைக் கொளுக்கிச் சத்தம் கேட்டாலே வால் நிமிந்திரும். ஆள் உள்ள வரமுதல் அவன் வெளிய.

மிருக வைத்தியரிட்டக் கேட்டன். ரெண்டாம் கிழமையில இருந்து ஏழு, எட்டுக் கிழமை வரைக்கும் காணுறது, கேக்கிறதுகளுக்குத்தான் குட்டி நல்லாப் பழகும் எண்டார். அந்தக் கணக்கில கறுப்பிக்குத் தெரு பழக்கமாத்தான் இருக்கணும். பழக்கம்தான், அதாலதான் வேணாம் எண்டுறாள் போல.

காத்தான்குடி:
உங்கட கறுப்பிக்குப் புத்தி இருக்கு. எங்கட வீட்டில பூனைக்குக் கதவடைக்க உம்மா விடமாட்டா. பூனை நஜீஸ் (அசுத்தம்) இல்ல, நம்மளச் சுத்தித் திரியிற சீவன் எண்டு ஹதீஸிலயே இருக்கே எண்டுவா. ஆனா இங்க வெளி எண்டா என்ன வெளி? மதிலோட மதில் ஒட்டின ஊர். எங்கட கடுவன் மண்ணில கால் வைக்கிறதே இல்ல. தண்ணித் தாங்கியடியால ஏறி, ஷீட் மேல நடந்து, பின்வீட்டு மாமி மீன் வெட்டுற நேரத்துக்குச் சரியாப் போய் இறங்குவான். பெட்டை கத்துற காலத்தில மட்டும் ராவு முழுக்க ஆளைக் காணக் கிடைக்காது. வந்தா காதில கிழியல், கன்னத்தில சீழ்க்கட்டி. விதை எடுத்த பிறகு சண்டை குறைஞ்சிது, சுவரில மூத்திரம் அடிக்கிறதும் நிண்டுது. கூரை உலாத்தல் மட்டும் நிக்கல்ல. ஒண்டு சொல்றன், கட்டி நோகுது எண்டு பனடோல் (பரசிட்டமோல்) குடுத்திராதீங்க. பூனைக்கு அது நஞ்சு, பாதி வில்லையே உயிருக்கு ஆபத்து.

தம்பிலுவில்:
உங்க ரெண்டு பேருக்கும் பக்கத்தில வயல் இல்லப் போல. இங்க மாரியில தண்ணி ஏறினா எலி மேட்டுக்கு வரும், எலிக்குப் பின்னால புடையன் பாம்பும் வரும். அதால விட ஏலாது எண்டு நிண்டிட்டன். ஒருத்திக்கு விறாந்தைக் கிறில்லே போதும். மாமரத்தில அணில் இறங்கினா தாடை நடுங்க 'கெக் கெக்' எண்டு ஒரு சத்தம், அதோட அவள்ட வேட்டை முடிஞ்சிது. மற்றவள் விடியச்சாமத்திலயே கதவைச் சுரண்டுவாள். அவளுக்கு நெஞ்சுப்பட்டி மாட்டிப் பின்னேரத்தில வளவைச் சுத்திக் கூட்டிப் போறன். முதல்ல பட்டி போட்ட உடன செத்தவள் மாதிரிச் சரிஞ்சு விழுந்தாள். வீட்டுக்குள்ள மாட்டிப் பழக்கின பிறகுதான் நடந்தாள். சனம் பாத்துச் சிரிக்குது, சிரிக்கட்டும். உள்ளுக்கு இருக்கிறதுகள்தானே எண்டு விசர்நோய் ஊசியை விடல்ல. கிறில்லுக்குள்ளால பூந்து வாற தெருப் பூனையை ஆர் மறிக்கிறது?

கல்லடி:
ஜன்னலுக்கு நுளம்பு நெட் அடிச்சுப் பாத்தன், செம்பன் அண்டைக்கே கிழிச்சுட்டான். கோழிக்கூட்டுக் கம்பி வலை அடிச்சவங்க ஆரும் இருந்தா எவ்வளவு காலம் நிக்குது எண்டு சொல்லுங்க. கடல் காத்துக்கு இங்க ஆணியே உக்கிப் போகுது.