நிதி கேட்டு அனுப்பும் புரொபோசல் முதல் சுற்றிலேயே திரும்புகிறது, எதைச் சரிசெய்வது?

கைவிளக்கு:
தையல் பயிற்சி தரும் சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. ஒரே புரொபோசலை 9 டோனர்களுக்கு (நிதி கொடுப்பவர்களுக்கு) அனுப்பினோம். 7 பேர் ‘எங்கள் முன்னுரிமைக்குள் வரவில்லை’ என்கிறார்கள், 2 பேர் பட்ஜெட் புரியவில்லை என்கிறார்கள். மொழிநடையை மாற்றணுமா?

நூல்கண்டு:
மொழிநடையை விடுங்க. ஒரே தாளை எல்லோருக்கும் அனுப்பியதுதான் கோளாறு. எழுத உட்காரும் முன், அந்த டோனர் கடைசி 3 வருடம் யாருக்கு, எவ்வளவு, என்ன வேலைக்குக் கொடுத்தார் என்று பாருங்க. அவர் கொடுத்ததிலேயே பெரிய தொகையைவிட நீங்க கேட்பது அதிகமா? அடுத்தவரைப் பாருங்க. பொருந்தினால், அவருடைய நிதி அறிவிப்பில் உள்ள மதிப்பெண் அட்டவணையின் தலைப்புகளை அதே வரிசையில் வைத்து எழுதுங்க. நிதி முடிந்தபின் வேலை எப்படித் தொடரும் என்பதற்கு 100-க்கு 20 என்று போட்டிருக்கும்போது அதை இரண்டு வரியில் முடித்தால் அந்த 20-ஐக் கைகழுவ வேண்டியதுதான்.

ஓரத்தையல்:
‘60 பெண்களுக்குப் பயிற்சி அளிப்போம்’ என்று குறிக்கோளில் எழுதியிருப்பீங்க. அது செயல்பாடு. ‘பயிற்சி முடிந்த 6 மாதத்தில் 60 பேரில் 36 பேராவது தையலில் மாத வருமானம் ஈட்டுவார்கள்’ என்பதுதான் குறிக்கோள். எப்படித் தெரியும் என்று உடனே கேட்பார்கள். சேரும்போதே வருமானத்தைக் குறித்து வைத்து, 6-ஆம் மாதம் அதே கேள்வித்தாளோடு போய்க் கேட்கணும். அதற்கான ஆளும் பயணமும் பட்ஜெட்டில் இல்லையென்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீங்க.

கணக்குப்பிள்ளை:
‘பயணம்’ என்று ஒரே தொகையாகப் போட்டால் யாருக்கும் புரியாதுதான். 5 மையம் × மாதம் 2 முறை × 12 மாதம் = 120 பயணம், ஒன்றுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டணும். ஒருங்கிணைப்பாளர் வேறு திட்டத்தையும் பார்க்கிறார் என்றால் சம்பளத்தில் அந்தப் பங்கு மட்டும் இங்கே வரும்.

அலுவலக வாடகை, கணக்காளர் மாதிரி மறைமுகச் செலவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பல மானியங்களில் அது 7 சதவீதம். அமெரிக்க அரசு மானியங்களில், அரசோடு தனி விகிதம் பேசி வாங்காதவர்களுக்கு இருந்த 10 சதவீத வரம்பு 2024 அக்டோபரில் 15 ஆனது. எதுவானாலும் நேரடிச் செலவின்மேல்தான் கணக்கு (அமெரிக்காவில் அதிலும் சில தலைப்புகள் கழியும்). நேரடிச் செலவு 1,00,000 என்றால் 7,000, மொத்தம் 1,07,000. அந்த மொத்தத்துக்கு 7 சதவீதம் போட்டால் 7,490 வரும். 490-க்காகத் தாள் திரும்பும்.

கைவிளக்கு:
நன்றி. லாக்ஃபிரேம் (திட்டத்தை ஒரே கட்டத்தில் சுருக்கிக் காட்டும் அட்டவணை) கேட்கவில்லை, போடணுமா?

நூல்கண்டு:
அனுப்ப வேண்டாம், உங்களுக்காகப் போடுங்க. 1969-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டுக்காக உருவான கட்டம் அது, 4 வரிசை, 4 பத்தி. கடைசிப் பத்தி ‘அனுமானங்கள்’. அதை நிரப்பும்போதுதான், தைத்த துணியை வாங்க ஆள் இருப்பார்கள் என்று சும்மாவே நம்பிக்கொண்டிருந்தது தெரியும். ஆதாரம் இல்லையென்றால், வாங்குபவரைத் தேடுவதையும் ஒரு செயல்பாடாகச் சேர்த்து பட்ஜெட்டில் ஒரு வரி போட்டுடுங்க.