கோலி சோடா பாட்டிலில் 'பேட்டன்ட்' என்று பொறித்திருக்கிறது. நான் யாருக்காவது காசு கட்ட வேண்டுமா?

கல்லிடைக்காரன் கேட்டது:

சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, இப்போது இருப்பது பாளையங்கோட்டையில். தாத்தா அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டுச் சாய்ப்பு, கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று, கேஸ் சிலிண்டர் ஒன்று, அவ்வளவுதான்.

போன மாதம் மச்சைச் சுத்தம் செய்தபோது சாக்கில் சுற்றிய பதினோரு பாட்டில் கிடைத்தது. பத்து சாதாரணம். ஒன்று மட்டும் பச்சை ஓடிய தடித்த கண்ணாடி, கையில் எடுத்தால் நல்ல கனம். புளி போட்டுத் தேய்த்ததும் எழுத்து தெரிந்தது: 'காட்ஸ் பேட்டன்ட், லண்டன்'. அப்பா சின்ன வயதில் அதைச் சாமி பேர் என்றே நினைத்திருந்தாராம்.

பன்னீர் சோடாவும் நன்னாரியும் திரும்பப் போடலாம் என்று ஒரு ஆசை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு அங்கேயே கடை போட்டால் விற்குமே என்று கணக்கு. இங்கே ஒரு ஏஜென்ட் 'பாட்டில் டிசைன் வெளிநாட்டு பேட்டன்ட், லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், 35,000 ஆகும்' என்கிறார். கொடுக்கலாமா?

பழைய ஃபிட்டர்:

தம்பி, ஒரு பைசா கொடுக்காதீங்க.

அது சாமி பேர் இல்லை, ஆள் பேர். ஹைரம் காட் என்கிற இங்கிலாந்து மெக்கானிக்கல் இன்ஜினீயர். நம்ம கோலி சோடா பாட்டில் அவர் மூளைதான், 1872-ல் பேட்டன்ட் எடுத்தார். அப்போதைய பிரிட்டிஷ் சட்டப்படி பேட்டன்டுக்கு ஆயுள் 14 வருஷம். அதுவும் சும்மா ஓடாது. 3 வருஷம் முடிவதற்குள் 50 பவுண்டு, 7 வருஷம் முடிவதற்குள் 100 பவுண்டு ஸ்டாம்ப் வரி கட்டணும், கட்டாவிட்டால் அதோடு போச்சு. எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் 1886-ல் கதை முடிந்தது. மனுஷரே 1887-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்க ஏஜென்ட் யாரிடம் போய் லைசென்ஸ் வாங்குவார்?

கண்ணாடியில் அச்சு வைத்த எழுத்து பேட்டன்ட் செத்த பிறகும் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

பேட்டன்டை விட எனக்குப் பிடித்தது அந்த யோசனைதான். அதற்கு முன்னால் சோடாவுக்குக் கார்க் அடைப்பான். கார்க் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் கேஸ் ஓடிவிடும். அதனால் பாட்டிலைப் படுக்க வைத்தே வைத்திருக்கணும், நிற்கவே முடியாதபடி முட்டை வடிவத்தில்கூட பாட்டில் செய்தார்கள். காட் கேஸையே காவல்காரன் ஆக்கிவிட்டார். கழுத்துக்குள் ஒரு பள்ளம் வெட்டி அதில் ரப்பர் வாஷர், உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. நிரப்பிய பாட்டில் தலைகீழாக வரும்போது கோலி கழுத்தில் விழும், கேஸ் அதை வாஷரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் கூடக் கூட அடைப்பு இன்னும் இறுகும்.

நான் பதினாறு வயதில் டவுனில் ஒரு சோடாக் கடையில் மெஷின் சுற்றியவன். பாட்டிலைப் பெட்டியில் பூட்டி, கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றணும். கோலி 'டொக்'கென்று உட்காருகிற சத்தத்தை வைத்தே நல்ல பாட்டிலா, வாஷர் போன பாட்டிலா என்று சொல்லிவிடுவோம். வெடிக்கும் என்பதால் வலது கையில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கும். அப்படியும் என் கட்டைவிரலில் தழும்பு இருக்கு.

பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ரெண்டு குழி இருக்கும், பாருங்க. அந்தக் குழி அடிப்பக்கம் வருகிற மாதிரி சாய்த்துக் குடித்தால் கோலி அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். திருப்பிப் பிடித்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைக்கும். வெளியூர்க்காரங்களைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அதுதான் வழி.

தச்சநல்லூர் மீனா:

அண்ணாச்சி சொன்னது சரி. இன்னொன்று, பேட்டன்ட் என்பது நாட்டுக்கு நாடு தனி. லண்டனில் வாங்கியது அம்பாசமுத்திரத்தில் செல்லாது. இங்கே சட்டம் 1856-ல்தான் வந்தது. அந்த வருஷம் கல்கத்தாவில் டி பென்னிங் என்ற இன்ஜினீயர் போட்டதுதான் முதல் விண்ணப்பம். எதற்குத் தெரியுமா? பங்கா, அதாவது கூரையில் தொங்கவிட்டுக் கயிற்றால் இழுக்கிற விசிறி, அதை இழுக்கிற மெஷினுக்கு! நம்ம ஊர் சித்திரை வெயிலில் அவருக்கு ஒரு சிலையே வைக்கலாம். இங்கிலாந்து ராணியின் சம்மதம் வாங்காமல் போட்ட சட்டம் என்று அதையும் ரத்து செய்து, 1859-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இப்போது இங்கே பேட்டன்ட் 20 வருஷம். முடிந்துபோனதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் நீங்கள் லேபிளில் போடப்போகிற பெயர் வேறு சமாசாரம். அதே பெயரில் வேறு ஒருவர் டிரேட்மார்க் வைத்திருந்தால் சிக்கல், முதலில் அதைத் தேடிப் பாருங்கள். அப்புறம் உணவுப் பாதுகாப்பு உரிமம். அந்த 35,000 இருந்தால் தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆகும்.

அம்பை வாசு:

கோலியைக் கொன்றது யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 1892-ல் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் பேட்டன்ட் எடுத்த தகர மூடி. முதலில் 24 பல், இப்போது 21. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு மூடியை எடுத்து எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயின்டரிடம் சேல்ஸ்மேனாக இருந்தவர்தான் ஜில்லெட். 'ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிகிற சாமானாகக் கண்டுபிடி' என்று முதலாளி சொன்ன யோசனையில் பிறந்தது அவருடைய ஷேவிங் பிளேடு, 1904-ல் பேட்டன்ட். மூடியும் பிளேடும் ஒரே கடையில் பிறந்த பிள்ளைகள்.

பழைய கோலி பாட்டில் முழுசாகக் கிடைப்பது கஷ்டம். கோலி விளையாட ஆசைப்பட்டே பையன்கள் உடைத்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதானாம்.

கல்லிடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்டிடம் 'காட் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு' என்று சொன்னேன். 'எந்தக் காட்?' என்றார். அதோடு போனை வைத்துவிட்டேன்.

வாசு அண்ணன் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தாத்தா பாட்டிலில் நாலைந்து தானே உடைத்ததாகவும், பழி மெஷின் மேல் விழுந்ததாகவும் ஒத்துக்கொண்டார்.

லண்டன் பாட்டிலைத் தொடப் போவதில்லை. மற்ற பத்திலும் வாஷர் கல்லாகிக் கிடக்கிறது, நகம் பட்டாலே உதிர்கிறது. ஃபிட்டர் அண்ணாச்சி, அந்த வாஷரை உடையாமல் பள்ளத்துக்குள் எப்படி ஏற்றுவீர்கள்? வெந்நீரில் போட்டா, எண்ணெய் தடவியா?

பழைய ஃபிட்டர்:

எண்ணெய் கூடவே கூடாது, ரப்பர் ஊறிப்போகும், சோடாவும் வாடை அடிக்கும். வெந்நீரில் ரெண்டு நிமிஷம் போடுங்க. எட்டு மாதிரி மடித்து உள்ளே விட்டு, மழுங்கின மூங்கில் குச்சியால் சுற்றி அழுத்துங்க. முதல் பாட்டிலைச் சாக்கு சுற்றாமல் நிரப்பாதீங்க.