எல்லா வீடியோவும் ஓடும் ஒரே பிளேயர்: உங்கள் வீட்டில் எது?

சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து, இந்தக் கலந்துரையாடல் தொடரைத் தொடங்குகிறேன்

போன மாதம் வீட்டுக்குப் புதுக் கணினி வந்தது. பழையதில் இருந்ததை மாற்றும்போதுதான் பார்த்தேன், அதில் பாட்டும் படமும் ஓட்டும் பிளேயர் மென்பொருள் ஐந்து கிடந்தது. பாட்டுக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று, மகன் படம் பார்க்க ஒன்று, போனில் எடுத்த வீடியோவுக்கு ஒன்று. ஐந்தாவது எதற்கென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு 78 வயது. எதையாவது பார்க்க ஆசைப்பட்டால் நான் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பார். “எதைத் தொடணும்னே தெரியலம்மா, தப்பா எதையாவது அழிச்சிட்டேன்னா?” என்பார். அதனால் இந்த முறை ஒன்றே ஒன்றுதான் வைப்பது என்று முடிவு செய்தேன்.

எது சிறந்தது என்று மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தோற்றத்தை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. என் வீட்டுப் பிரச்சினை அது இல்லை. கடைசியில், எங்கள் வீட்டில் எப்போதும் தகராறு செய்யும் ஆறு கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டேன். எந்தப் பிளேயர் ஆறையும் திறக்கிறதோ அதுதான் நமக்கு.

முதலாவது தாத்தாவின் சதாபிஷேக விசிடி. 1999-இல் தஞ்சாவூரில் நடந்தது. டேப்பில் எடுத்ததை இங்கே ஒரு கடையில் கொடுத்து இரண்டு விசிடித் தட்டாக மாற்றி வாங்கினோம். உறை தட்டோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது ஒரு கீறல் வேறு விழுந்துவிட்டது. புதுக் கணினியில் தட்டுப் போடும் இடமே கிடையாது, யுஎஸ்பியில் செருகும் டிரைவ் தனியாக வாங்கினேன். தட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர், உள்ளே .டேட் என்று முடியும் ஒரு கோப்பு. இரண்டு முறை கிளிக் செய்தால், எதில் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் என்னையே கேட்கிறது. .டேட் என்றாலும் உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற பழைய முறையில் சுருக்கிய சாதாரணப் படம்தான். விஎல்சி என்ற இலவசப் பிளேயரைத் திறந்து அந்தக் கோப்பை இழுத்து அதன்மேல் விட்டேன். ஓடியது.

விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிதான். முழுத் திரையில் வைத்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. சின்ன ஜன்னலாகவே வைத்துப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. 14-வது நிமிடத்தில் அந்தக் கீறல் வந்தது. வேறொரு பிளேயர் அதே இடத்தில் அப்படியே உறைந்துபோய் நின்றிருந்தது. விஎல்சியில் படம் மூன்று நான்கு நொடி சிதறி, பிறகு மேலே போனது. போனதும் பாட்டியின் குரல். பந்தியில் யாரையோ பார்த்து, “அந்த இலைக்குப் பாயசம் வைக்கலடா” என்கிறார். பாட்டி போய் 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் பின்னாடி போ” என்றார். நான்கு தடவை பின்னால் போனோம்.

அன்றைக்கே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்: ஸ்பேஸ் பார் அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். ஆல்ட் பிடித்துக்கொண்டு இடது அம்பு அழுத்தினால் 10 நொடி பின்னால் போகும். இப்போது அம்மா தனியாகவே பார்க்கிறார்.

மற்ற ஐந்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா பழைய நோக்கியாவில் எடுத்த, 3ஜிபி என்று முடியும் பழைய போன் வகை வீடியோ, சத்தத்தோடு ஓடியது. இரண்டு மொழியில் ஒலி உள்ள எம்கேவி படமும் சிக்கலில்லை. பி (B) விசையை அழுத்தினால் மொழி மாறுகிறது. மகளின் ஐபோன் வீடியோதான் முன்பு படாத பாடு படுத்தியது, சத்தம் மட்டும் வரும், படம் வராது. 2017-க்குப் பிறகு வந்த ஐபோன்கள் எச்இவிசி என்ற முறையில் படத்தைச் சுருக்கிச் சேமிக்கின்றன. விண்டோஸில் அதைப் பிரித்துக் காட்ட ஒரு துணை நிரலைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறது. விஎல்சி பிரிக்கும் வேலையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இதை அம்மாவுக்கு இப்படித்தான் விளக்கினேன்: எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்புப் பெயரின் முடிவில் வருவதெல்லாம் தூக்குச்சட்டி. உள்ளே சாம்பாரா ரசமா என்பது மூடியைப் பார்த்தால் தெரியாது. ஒரே மாதிரி எம்பி4 இரண்டில் ஒன்று ஓடி ஒன்று ஓடாமல் போவது அதனால்தான்.

டிவிடியாக மாற்றிய இன்னொரு கல்யாணத் தட்டில், யாராவது வேகமாக நடந்தால் உடம்பின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. தட்டு கெட்டுவிட்டது என்றே பல வருடம் நினைத்திருந்தேன். பழைய டேப் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பதிவதால் வருவது அது. டி (D) விசையை அழுத்தினேன், கோடு போய்விட்டது.

ஆறாவது, தமிழ் சப்டைட்டில் உள்ள படம். அதில் எழுத்து வராமல் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஈசூனிலிருந்து

அக்கா, அந்தக் கட்டத்தோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். மாமனாருக்குக் காது மந்தம். எங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பார், பாதியில் எழுந்து போய்விடுவார். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார். தூக்கம் வருகிறது என்பார். தமிழ் நன்றாக வாசிப்பார், தினமும் தமிழ் முரசு முழுக்கப் படிப்பவர். அதனால் அவருக்காக நானே உட்கார்ந்து வசனத்தை எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாகத் தட்டச்சு செய்தேன். மூன்று இரவு ஆனது. ஓட்டிப் பார்த்தால் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறி.

இரண்டும் வேறு வேறு கோளாறு, இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். கேள்விக்குறி வந்தால் கோப்பே கெட்டுவிட்டது என்று அர்த்தம். விண்டோஸ் நோட்பேட் 2019-க்கு முன்னால் ஆன்சி என்ற முறையில்தான் இயல்பாகச் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடம் கிடையாது. சேமித்து மூடியதும் எழுத்து போய்விடும், திரும்ப வராது. நான் மூன்று இரவையும் அப்படித்தான் இழந்தேன், மறுபடி முதலிலிருந்து அடித்தேன். சேமிக்கும்போது கீழே உள்ள என்கோடிங் பெட்டியில் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டம் வந்தால் கோப்பு பெரும்பாலும் நல்லபடியாகத்தான் இருக்கும், எழுத்துருதான் இல்லை. விஎல்சியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், அதில் சப்டைட்டில்ஸ் பக்கம் போய் எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8-லிருந்து அது கூடவே வருகிறது. அதே பக்கத்தில் என்கோடிங்கையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். விஎல்சி பழைய பதிப்பாக இருந்தால் 3.0-க்கு மேல் ஏற்றிவிடுங்கள். பழையதில் எனக்குக் கொம்பும் காலும் எழுத்தோடு சேராமல் தனித்தனியாக நின்றன, வாசிக்கவே முடியவில்லை.

சப்டைட்டில் பேச்சுக்குப் பிந்தி வந்தால் ஜி விசை, முந்தி வந்தால் எச் விசை. ஒரு முறை தட்டினால் 50 மில்லி நொடி நகரும். மாமனாருக்கு புளூடூத் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தபோது சத்தம் உதட்டசைவுக்குப் பின்னால் வந்தது. அதற்கு ஜே விசை, நான்கைந்து முறை தட்டியதும் சரியானது.

இப்போது அவர் படம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். போன சனிக்கிழமை ஒரு வசனத்துக்கு எங்களுக்கு முன்னால் அவர் சிரித்தார், எழுத்து அரை நொடி முந்தி வந்துவிட்டது. அதைத் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

உட்லண்ட்ஸிலிருந்து

என் அனுபவம் கொஞ்சம் வேறு. படம் வெட்டி வெட்டி ஓடுகிறது என்று நான்கு பிளேயர் மாற்றினேன். குற்றம் பிளேயரில் இல்லை. 4கே என்ற மிகப் பெரிய அளவில், நிறத்தை நுணுக்கமாக வைக்கும் 10-பிட் எச்இவிசி கோப்பு அது, மடிக்கணினியோ பத்து வருடப் பழசு. இன்டெல்லில் ஏழாம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான் அந்த வகைப் படத்தைப் பிரிக்கத் தனி மின்சுற்று முழுமையாக இருக்கிறது. அதற்கு முந்தையது என்றால் மொத்த வேலையும் பிராசசர் தலையில் விழும், விசிறி அலறும், படம் நொண்டும். அதே படத்தை 1080 அளவில் எச்.264 என்ற பழைய முறையில் வைத்தேன், அதே பழைய கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பிளேயரை மாற்றுவதற்கு முன் விஎல்சியின் டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பழைய கணினிக்கு எம்பிசி-எச்சி என்ற பிளேயரும் நல்லது. இலேசானது, பார்க்க அந்தக் காலத்து விண்டோஸ் பிளேயர் மாதிரியே இருக்கும். முதலில் செய்த குழு 2017-இல் நிறுத்திவிட்டாலும் வேறொருவர் எடுத்துத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார். மேக் வைத்திருப்பவர்களுக்கு அது ஆகாது, விண்டோஸ் மட்டும்தான்.

தெம்பனிஸிலிருந்து

நாங்கள் கோடி என்ற பிளேயரை வைத்திருக்கிறோம். வரவேற்பறை டிவிக்குப் பின்னால் சின்னக் கணினி ஒன்று, எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தது. இந்த மென்பொருள் 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கி, எக்ஸ்பிஎம்சி என்ற பேரில் வளர்ந்து, 2014-இல் கோடி ஆனது. சோபாவில் சாய்ந்துகொண்டு ரிமோட்டில் தேர்ந்தெடுக்க இதைவிட வசதி கிடையாது. படத்தின் பெயரும் வருடமும் கோப்பின் பெயரில் சரியாக இருந்தால் சுவரொட்டி, நடிகர், கதைச் சுருக்கம் எல்லாம் தானாக வந்துவிடும்.

ஆனால் குடும்ப வீடியோவை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தங்கை கல்யாண வீடியோவுக்குக் கோடி ஏதோ ஓர் ஆங்கிலப் படத்தின் சுவரொட்டியை ஒட்டிவிட்டது, அம்மாவால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. குடும்பத்துக்கென்று தனி ஃபோல்டர் வைத்து, தகவல் தேடாதே என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதற்கு கோடி பெரிய வண்டி. அதற்கு நானும் விஎல்சிதான்.

செங்காங்கிலிருந்து

நான் தாதி, மாலை வேலை முடிந்து இரவு 11-க்குத்தான் வீட்டுக்கு வருவேன். பிள்ளைகள் தூங்குவார்கள், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய சுவர். வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வந்து வீட்டையே எழுப்பிவிடும். விஎல்சியில் எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ் உள்ளே கம்ப்ரசர் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் உரத்த சத்தம் அடங்கி மெல்லிய பேச்சு மேலே வரும். எனக்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்று, விஎல்சியை எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்று பாருங்கள். அண்ணன் தேடியபோது முதலில் வந்த விளம்பரத்தை அழுத்திவிட்டார். பெயரும் கூம்புப் படமும் அப்படியே இருந்தன. நிறுவியதும் உலாவியின் முகப்பு மாறிவிட்டது, கேட்காத மூன்று மென்பொருள் உள்ளே வந்துவிட்டது. கணினியைத் துடைத்து மறுபடி ஏற்ற வேண்டியதாகிவிட்டது. உண்மையானது வீடியோலேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் சொந்தத் தளத்தில் இருக்கிறது. 1996-இல் பாரிஸுக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, 2001 முதல் எல்லாருக்கும் இலவசம். காசு கேட்டாலோ, கூடவே வேறொன்றை நிறுவச் சொன்னாலோ அது அதுவல்ல.

தோ பாயோவிலிருந்து, மறுபடி

ஈசூன் தம்பிக்கு நன்றி. நிர்மலா யூஐ வைத்ததும் கட்டம் போய் எழுத்து வந்துவிட்டது. ஆறும் ஓடுகின்றன, மற்ற நான்கு பிளேயரையும் நீக்கிவிட்டேன்.

ஊரிலிருந்து டிவிடி வாங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவிடிக்கு உலகத்தை வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் 3, இந்தியா 5. எல்லா வட்டாரத்திலும் ஓடும் என்று அட்டையில் போட்ட தட்டுக்குக் கவலையில்லை. 5 என்று மட்டும் இருந்தால், வட்டாரத்தை மாற்றட்டுமா என்று கணினி கேட்கும். அவசரப்பட்டுச் சரி என்று அழுத்தாதீர்கள். ஒரு டிரைவில் ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததிலேயே அது பூட்டிக்கொள்ளும்.

சதாபிஷேகத்தின் இரண்டாவது தட்டு இன்னும் படிக்கவில்லை. டிரைவ் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. பெரியம்மா வீட்டில், பொங்கோலில், அதே தட்டின் இன்னொரு பிரதி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை டிரைவையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு போகிறேன். அங்கேயே கணினியில் ஏற்றிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.