லாஃப்டில் சாம்பல் அணில்: பிடித்துப் பூங்காவில் விடலாமா?

ஹாரோவாசி:
வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீட்டில் (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டியது) இருக்கிறோம். பிப்ரவரி கடைசியிலிருந்து, விடிந்ததும் லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், தடதடவென்று ஓடும் சத்தம். ராத்திரியில் ஒன்றும் இல்லை. நேற்று என் கணவர் ஏறிப் பார்த்தார். சாம்பல் அணில் இன்சுலேஷன் பஞ்சைப் பிய்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குவித்திருக்கிறது. தோட்டத்தில் நட்ட டியூலிப் கிழங்குகளிலும் பாதி போய்விட்டது. கூண்டு வைத்துப் பிடித்து, காரில் கொண்டுபோய்ப் பூங்காவில் விடலாம் என்கிறார் மாமனார். கொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நுழையும் ஓட்டையை உடனே அடைத்துவிட்டால் போதுமா?

குரோய்டன் மின்பணியாளர்:
சகோதரி, இரண்டையும் செய்யாதீர்கள். பிடித்த சாம்பல் அணிலைத் திரும்ப வெளியே விடுவது இங்கே குற்றம். அயல்நாட்டு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பற்றிய 2019 ஆணையிலேயே இருக்கிறது. கூண்டில் விழுந்தால் வலிக்காமல் கொன்றாக வேண்டும். தண்ணீரில் அமுக்கிக் கொல்வதும் குற்றம்தான். மாமனாரிடம் இதைச் சொன்னால் கூண்டுப் பேச்சையே விட்டுவிடுவார்.

ஓட்டையை இப்போது அடைக்கக் கூடாது. பிப்ரவரி, மார்ச் குட்டி போடும் காலம். நீங்கள் சொல்லும் பஞ்சுக் குவியலில் அநேகமாகக் குட்டிகள் இருக்கும். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளே வர மரப்பலகையைக் கடித்துக் கிழித்துவிடும். குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும். குட்டிகள் பால் மறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை பொறுங்கள்.

அப்புறம், செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் லேசாகச் செருகி வையுங்கள். மழை இல்லாத நாட்களில் சில நாள் அது அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு ஓரங்குலத்துக்கும் சிறிய கண் உள்ள, கெட்டியான கம்பிவலையைத் திருகாணி போட்டு அடியுங்கள். ஸ்ப்ரே ஃபோம் வேண்டவே வேண்டாம், ஒரே காலையில் கடித்துத் துப்பிவிடும். கூரையைத் தொடும் மரக்கிளைகளையும் வெட்டிவிடுங்கள். வௌவால் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் இடத்தை அடைப்பதும் சட்டவிரோதம்.

வயரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு வீட்டில் லாஃப்டு விளக்குக்குப் போகும் கேபிளைத் தூக்கிப் பார்த்தேன். சாம்பல் நிற உறை ஒரு சாண் நீளத்துக்குச் சீவப்பட்டு, உள்ளே செம்பு பளபளத்தது. உறையில் இரண்டிரண்டாகப் பல் தடம். பக்கத்திலேயே காய்ந்த பஞ்சு. அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். ஃபியூஸ் போகவில்லை, விளக்கு எரிகிறது என்பதால் நிம்மதியாக இருக்காதீர்கள். நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டாம், தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கென்ட் தோட்டக்காரி:
கிழங்கு நட்டதும் மண்ணுக்கு மேல் கோழிவலையை விரித்து ஓரங்களை நன்றாகப் புதைத்துவிடுங்கள். முளை வலையின் கண் வழியாக வந்துவிடும். டியூலிப்புக்குப் பதில் டாஃபடில் பூக்கிழங்கை நட்டால் அந்தக் கவலையும் இல்லை, அதில் நச்சு இருப்பதால் அணில் தொடாது. பறவைத் தீனியில் மிளகாய்த்தூள் கலக்கலாம். பறவைகளுக்குக் காரம் உறைக்காது, அணிலுக்கு நன்றாக உறைக்கும்.

நியூகாசில்வாசி:
இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர்களுக்கு: சாம்பல் அணில் இந்த மண்ணின் பிராணி இல்லை. 1876இல் செஷயரில் ஒரு எஸ்டேட்காரர் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டது. அது சுமக்கும் அம்மைக் கிருமி அதை ஒன்றும் செய்வதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த சிவப்பு அணிலைக் கொன்றுவிடுகிறது. எங்கள் வடகிழக்குப் பக்கம் கீல்டர் காட்டில்தான் இங்கிலாந்தின் சிவப்பு அணில்கள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கின்றன. குளிர்காலத்தில் காதில் குஞ்சம் வைத்து அது கிளையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், உங்கள் இரக்கத்தில் ஒரு பங்கை அதற்கும் தருவீர்கள்.

ஹாரோவாசி:
நன்றி அண்ணா. ஓட்டையைத் தொடவில்லை. இந்த சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். குட்டிகள் வெளியே போனபின் வலை அடிப்பதைக் கூரை வேலைக்காரரிடம் விடுவதா, கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) பூச்சிக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்பதா?

குரோய்டன் மின்பணியாளர்:
முதலில் கவுன்சிலைக் கேளுங்கள். சில கவுன்சில்கள் அணிலுக்கு வருவதில்லை. அப்படியென்றால் கூரை வேலைக்காரரே போதும், வலையை அவர் உள்பக்கத்திலிருந்தும் அடிக்கச் சொல்லுங்கள்.