வீட்டு ஸ்மார்ட் சைக்கிள்: திரை இருக்கட்டும், மிதித்தால் எப்படி இருக்கிறது? (மூன்று பேர் பேசிக்கொண்டது)

பனிக்கால மிதி:
டொராண்டோவில் நவம்பர் முடிந்தால் என் ரோடு சைக்கிள் சுவரில் தொங்கப் போய்விடும். அப்புறம் நாலு மாதம் வீட்டுக்குள், நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்மார்ட் சைக்கிளில்தான். முதல் வண்டியை (பெயர் வேண்டாம்) திரைக்காகவே வாங்கினேன். கடையில் மலைப்பாதை வீடியோ ஓடுகிறது, பயிற்சியாளர் கத்துகிறார், ஐந்து நிமிடம் மிதித்துவிட்டுக் கார்டை நீட்டிவிட்டேன். மூன்றாவது வாரம் முழங்காலின் வெளிப்பக்கம் வலி. சீட்டை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் டேப்பை எடுத்து இரண்டு கிராங்குகளின் (பெடலைத் தாங்கும் கம்பிகள்) வெளிப்பக்க அகலத்தை அளந்தால் 20 செ.மீ. என் ரோடு சைக்கிளில் அது 15கூட இல்லை. ஒரு மணி நேரம் குதிரைமேல் உட்கார்ந்தவன் மாதிரி காலை அகட்டிக்கொண்டு மிதித்தால் முட்டி என்ன செய்யும்? இந்த அளவுக்கு கியூ ஃபேக்டர் என்று பெயர். விளம்பரத்தில் இதைப் பார்த்ததே இல்லை, திரை எத்தனை அங்குலம் என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அடுத்தது ஃப்ளைவீல், அதாவது நாம் மிதிக்கும்போது சுழலும் கனச் சக்கரம். கடைக்காரர் கிலோக் கணக்கு சொன்னால் மயங்காதீர்கள். ஷ்வின் ஐசி4-இல் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. கெய்சர் எம்3ஐ-யில் வெறும் 8 பவுண்டு, அதுவும் பின்பக்கம். இரண்டிலும் மிதித்திருக்கிறேன், எனக்குக் கெய்சர்தான் வழுக்கிக்கொண்டு போவது போல இருந்தது. சக்கரத்தில் சேரும் ஆற்றல் எடையோடு நேராகத்தான் கூடும், வேகம் இரண்டு மடங்கானாலோ நாலு மடங்காகும். அதனால் லேசான சக்கரத்தையே பெல்ட் போட்டு வேகமாகச் சுழல விட்டால் போதும். கனமான சக்கரம் சமதரையில் சுகம்தான், ஆனால் மேட்டில் ஏறும்போது வரவேண்டிய அந்த இழுவை அதில் வருவதில்லை, சக்கரமே காலைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

நண்பர் வீட்டில் வாஹூ கிக்கர் பைக் இருக்கிறது. பாதையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப முன்பக்கம் 20 சதவீதச் சாய்வு வரை தூக்கும், 15 வரை இறக்கும். ஸ்விஃப்ட் (Zwift) என்ற சைக்கிள் ஆப்பில் ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்ற மலைப்பாதை ஏறினோம், மொத்தம் 21 வளைவு. வளைவில் சாய்வு குறைந்து வண்டி கொஞ்சம் தலை தாழ்த்தும்போது முதுகுக்குக் கிடைக்கிற அந்த நாலு வினாடி இருக்கிறதே, அதற்குக் காசு கொடுக்கலாம் என்று தோன்றியது. டாக்ஸ் நியோ என்ற வண்டியிலோ திரையில் வரும் கல் பாவிய தெருவின் அதிர்வு பெடலிலேயே வரும். முதல் நாள் வேடிக்கை, மூன்றாம் நாள் அணைத்துவிட்டேன்.

ஐந்தடிக்காரி:
அண்ணா சொன்னதோடு உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் உயரம் சரியாக ஐந்தடி. கோயம்புத்தூரில் நான் போகும் ஜிம்மில் சீட்டைக் கடைசி ஓட்டை வரை இறக்கினாலும் இடுப்பு ஆடுகிறது, ஹேண்டில்பாரோ எட்டாத தூரத்தில். பெரும்பாலான வண்டிகளில் கிராங்க் 170 மி.மீ., மாற்றவும் முடியாது. வாஹூவில் 165 வரை குறைக்கலாம் என்று படித்தபோது பொறாமையாக இருந்தது. சீட் மேலே கீழே போனால் மட்டும் போதாது, முன்னே பின்னேயும் போகவேண்டும், ஹேண்டில்பாரும் அப்படியே. வாங்கும் முன் இந்த நாலையும் நகர்த்திப் பாருங்கள்.

சீட்டைத் தாங்கும் குழாயையும் (சீட் போஸ்ட்) நன்றாக ஆட்டிப் பாருங்கள். 2023 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் ஏறத்தாழ 22 லட்சம் வண்டிகளுக்கு சீட் போஸ்ட்டை மாற்றித்தர வேண்டியிருந்தது, சிலவற்றில் ஓட்டும்போதே உடைந்ததால். அதைப் படித்ததிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் என் கை முதலில் அங்கேதான் போகிறது.

இன்னொன்று, ஈஆர்ஜி மோடு. 200 வாட் என்று வைத்துவிட்டால் நீங்கள் எப்படி மிதித்தாலும் வண்டி அதே 200-ஐக் கேட்கும். களைத்துப்போய் நிமிடத்துக்கு 90 சுற்றிலிருந்து 60-க்கு இறங்கினால் ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு பலம் தேவை. இன்னும் மெதுவாகும், இன்னும் இறுகும், கடைசியில் சேற்றில் சிக்கிய மாட்டு வண்டிதான். நல்ல வண்டி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மட்டமானது இரண்டு வினாடி யோசித்துவிட்டுப் படக்கென்று பூட்டும்.

மூணாவது மாடி:
சென்னை, அபார்ட்மென்ட். மிதியைக் கடினமாக்கும் காந்த பிரேக் சக்கரத்தைத் தொடுவதே இல்லை, சத்தமே வராது என்றார்கள். உண்மைதான், என் வீட்டில் வரவில்லை. இரண்டாவது மாடிப் பாட்டி லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, தினம் அஞ்சு மணிக்கே மாவு அரைக்கிறீங்களா?"

காற்றில் போகாத சத்தம் தரை வழியாகப் போயிருக்கிறது. உட்கார்ந்து மிதித்தால் பரவாயில்லை, எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் தடதடப்பு. நிஜ சைக்கிள் நமக்குக் கீழே இடமும் வலமும் சாயும், இது சாயாமல் நிற்பதால் அந்தத் தள்ளல் முழுக்கத் தரைக்குத்தான் போகிறது. பிளைவுட் பலகை, அதற்குக் கீழே கனமான ரப்பர் பாய், அப்புறம் கொஞ்சம் அடங்கியது.

நம்ம ஊரில் வியர்வையும் ஒரு பிரச்சினை. வெளியில் 30 கி.மீ. வேகத்தில் போனால் காற்றே விசிறிவிடும். இங்கே எல்லாம் ஹேண்டில்பார் போல்ட்டில்தான் சொட்டுகிறது, எட்டு மாதத்தில் இரண்டு போல்ட் துருப்பிடித்துவிட்டது. துண்டு போட மறக்காதீர்கள், டேபிள் ஃபேன் முகத்துக்கு இல்லை, நெஞ்சுக்கு நேராக.

பனிக்கால மிதி:
போல்ட்டைக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டுங்கள் தம்பி. பாட்டி இப்போது என்ன சொல்கிறார்?

மூணாவது மாடி:
ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். "என்னப்பா, இப்பல்லாம் கடை மாவுதானா?" என்று கேட்டார்.