தனியாளாகக் கிளை நூலகம் நடத்துகிறேன். தொழிலை யாரிடம் கற்றுக்கொள்வது?

காவிரிக்கரை நூலகர்:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு கிளை நூலகத்தில் மூன்றாம் நிலை நூலகராக இருக்கிறேன். கதவு திறப்பது, பத்திரிகை அடுக்குவது, புத்தகம் கொடுத்து வாங்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் நான் ஒருத்திதான். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செய்வது சரிதானா, இன்னும் நன்றாகச் செய்ய வழி இருக்கிறதா என்று கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது.

காலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வந்தால் மேஜை நிறைந்துவிடும். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குச் சத்தம் தொந்தரவு. இருப்பதோ ஒரே அறை. இரண்டு தரப்பையும் எப்படி வைத்துக்கொள்வது? போன வாரம் ஒரு விவசாயி வந்து, மாப்பிள்ளைச் சம்பா பயிரிடுவது பற்றி நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை சொல்கிற புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். வேளாண்மை அடுக்கில் ரசாயன உரம் பற்றிய பழைய புத்தகங்கள்தான் இருந்தன. பக்கத்து ஊர்க் கிளையில் அவர் கேட்டது இருந்திருக்கலாம். எனக்குத் தெரிய வழியில்லை. அவர் வெறுங்கையோடு போனதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மாதக் கூட்டத்துக்கு எல்லாக் கிளையிலிருந்தும் வருகிறோம். உறுப்பினர் எத்தனை, நன்கொடை தந்த புரவலர் எத்தனை, பாக்கி எத்தனை என்று கணக்குப் பேசி முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறோம். எப்போதாவது நடக்கும் பயிற்சி வகுப்பில் சான்றிதழ் தருகிறார்கள். அங்கே காட்டியதில் பாதி என் கிளையில் இல்லாத வசதிகளை வைத்துச் செய்வது.

பக்கத்துக் கிளைக்காரர்கள் சிலரைச் சேர்த்து, தொழிலைப் பற்றி மட்டும் பேச ஒரு கூடுகை தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். நான்தான் எல்லோருக்கும் இளையவள். மூத்தவர்கள் வருவார்களா? இதற்கு அனுமதி வாங்க வேண்டுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற முதல்நிலை நூலகர்:

அம்மா, தொடங்கலாமா என்று கேட்காதீர்கள், தொடங்குங்கள்.

நம் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனுக்குப் படிக்கப் போனவர் வகுப்பறையோடு நிற்காமல், அந்த நாட்டு நூலகங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்த பிறகு 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அடுத்த வருஷமே அந்தச் சங்கம் நூலகர்களுக்குக் கோடைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டது. 1931-ல்தான் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று நீங்களும் நானும் வைத்திருக்கும் பட்டங்களுக்கு முன்னோடி, கூடிப் பேசிய ஒரு சங்கம் நடத்திய வகுப்பு. அதே ஆட்கள் விடாமல் நின்றதால்தான் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டுவரியோடு சேர்ந்து வசூலாகும் நூலக வரியும் அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். உங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் 1931-ல் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அப்போது சட்டமும் இல்லை, வரியும் இல்லை.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கூடியது மூன்று பேர். பெயர் வைக்கவில்லை, தலைவர் செயலாளர் என்று யாரையும் போடவில்லை. பெயர் வைத்தால் பொறுப்பு யாருக்கு என்ற பேச்சு வந்துவிடும் என்று எங்களில் ஒருவர் சொன்னார், நல்ல யோசனை. ஒவ்வொரு தடவையும் வேறு கிளையில் கூடுவோம். அந்தக் கிளைக்காரர் தன் அடுக்குகளை எங்களுக்குக் காட்ட வேண்டும். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் நம் அலமாரியைத் திறந்து பார்ப்பது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நாங்கள் கற்றதெல்லாம் அங்கேதான். புனைபெயரில் எழுதிய ஒருவரை ஒரு கிளையில் புனைபெயரிலும் இன்னொரு கிளையில் இயற்பெயரிலும் பதிந்திருந்தார்கள். வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அன்றைக்கே உட்கார்ந்து, வாசகர் கேட்கும் பெயரிலேயே பதிவது, மற்ற பெயரிலிருந்து அதற்கு ஒரு குறிப்பு அட்டை வைப்பது என்று முடிவு செய்தோம். இன்னொரு கிளைக்காரருக்கு பைண்டிங் நன்றாக வரும். முதுகு கிழிந்த புத்தகத்தை எப்படித் தைப்பது, எப்படி ஒட்டுவது என்று அவரிடம் கற்றோம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

எங்களைக் கட்டி வைத்தது கேள்வி நோட்டு. வாசகர் கேட்டு நம்மால் தர முடியாமல் போனதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதுவோம். கூடும்போது முதல் வேலை அதைப் படிப்பது. உங்கள் மாப்பிள்ளைச் சம்பா கேள்வி அங்கே வந்திருந்தால், அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். எந்தக் கிளையிலும் இல்லையென்றால் அடுத்த கொள்முதலுக்கு எல்லோருமாக எழுதிக் கேட்டிருக்கலாம். தனி ஆளின் கோரிக்கையைவிட பல கிளைகளின் ஒரே கோரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

இளையவள் என்று தயங்காதீர்கள். மூத்தவர்களைப் பேச வாருங்கள் என்று அழைத்தால் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் குறிப்பிட்டு, கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். வருவார்கள்.

ஊர்ப்புற நூலகர், தென் மாவட்டம்:

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் கிளை கிளையாகப் போவது பெண்களுக்குச் சுலபமில்லை. எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. துணி துவைப்பதிலிருந்து ரேஷன் கடை வரை அன்றைக்குத்தான். அந்த நாளையும் எடுத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கூட்டம் கலைந்துவிடும். எங்கள் பக்கம் அப்படித்தான் கலைந்தது. பஸ் செலவு வேறு. அக்கா, மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் எப்படியும் வருகிறீர்கள் இல்லையா? அதே நாளில், கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வேறு நாளே வேண்டாம்.

அப்புறம் அந்த ஒரே அறை விஷயம். எங்கள் ஊரில் வாரத்தில் இரண்டு சாயங்காலம் பிள்ளைகளுக்கு என்று எழுதி வாசலில் ஒட்டினேன். தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொன்னதால் கோபப்படவில்லை. அவர்களிலேயே ஒரு பெண் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறாள்.

கல்லூரி நூலகர், கோவை:

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். அலுவல் நேரத்துக்குப் பிறகு, செலவு எதுவும் கேட்காமல், நூலகப் பணி பற்றிப் பேசக் கூடுகிறோம் என்று எழுதினால் போதும். எழுத்தில் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. ஒரு தடவை உங்கள் மாவட்ட நூலக அலுவலரையே அழைத்துக் கேள்வி நோட்டைக் காட்டுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை சொல்லாததை அது அவருக்குச் சொல்லும்.

இன்னொன்று. கம்ப்யூட்டர் வசதி வரும்போது, நூலகப் பணிகளுக்கான கோஹா மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் ஒரு சின்ன வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ல் ஓடத் தொடங்கியது. இலவசம். நான் அதில் சிக்கிக்கொண்ட போதெல்லாம் இணையக் குழுவில் பதில் தந்தவர்கள் முகம் தெரியாத நூலகர்கள்தான். 2011-ல் அதன் உலக மாநாடு நம் நாட்டில், தானேயில் நடந்தது. ஆனால் இணையக் குழு நேரில் சந்திப்பதற்கு ஈடாகாது என்று ஐயா சொல்லக்கூடும். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

காவிரிக்கரை நூலகர்:

எல்லோருக்கும் நன்றி. மாதக் கூட்டத்தன்றே உட்காருவது என்ற யோசனை மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நான்கு பேரிடம் போனில் பேசிவிட்டேன், மூன்று பேர் சரி என்றார்கள். எங்கள் பக்கத்தில் மூத்த நூலகர் ஒருவர் ஊர் வரலாற்றுத் துண்டுப்பிரசுரங்களைப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அதை எப்படி வகைப்படுத்தினீர்கள் என்று சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். எந்த மாதம் வரட்டும் என்றார். கோவை ஐயா, கடிதம் எழுதித் தாருங்கள், காத்திருக்கிறேன். பிள்ளைகளின் சாயங்கால அட்டவணையை அடுத்த வாரம் ஒட்டுகிறேன்.

முதல்நிலை நூலகர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கேள்வி நோட்டில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

ஓய்வுபெற்ற முதல்நிலை நூலகர்:

தேதி, கேள்வி, எந்த அடுக்கில் தேடினீர்கள் என்பது. கேள்வியை வாசகர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நம் தலைப்புச் சொல்லாக மாற்ற வேண்டாம். சம்மதித்தால் அவர் பெயரையும் போன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் கிடைத்தால் நாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த விவசாயி எந்த ஊர் என்று தெரிந்தால் முதல் பக்கத்தில் அவர் கேள்வியையே எழுதுங்கள்.