தண்ணீரில் நின்றபடியே வாடிய தக்காளி

தொடர்மழையில் பாத்தி முழுக்கத் தண்ணீர் தேங்கிவிட்டது. மழை விட்டு வெயில் ஏறியதும் தக்காளி அத்தனையும் தலை தொங்கின. பார்க்க வந்தவர், “தண்ணி பத்தல போலிருக்கே” என்றார். இருவருமே கணுக்கால் சேற்றில் நிற்கிறோம்! ஆனால் அவர் சொன்னதில் பாதி நிஜம். செடிக்குள் தண்ணீர் ஏறவே இல்லை.

வேருக்கும் மூச்சு வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணின் இடுக்குகளில் மிச்சமிருப்பதையும் வேர்களும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு வேர் நொதித்தலை, அதாவது ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) கிடைத்த இடத்தில் வெறும் 2. செல்லுக்குள் அமிலத்தன்மை கூடி, தண்ணீரை உள்ளே விடும் அக்வாபோரின் வாசல்கள் அடைபடும். மேலே இலைத்துளைகளும் மூடிக்கொள்ள, ஒளிச்சேர்க்கை படுத்துவிடும்.

சாயங்காலம் இலைகள் ஓரளவு தெளிந்தன. இலைக்காம்புகள் மட்டும் கவிழ்ந்தே இருந்தன. விரலால் தூக்கிப் பார்த்தேன். துவளவில்லை, விறைப்பாக எதிர்த்தது. இது எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் வேலை. மூச்சுமுட்டும் வேரில் ஏசிசி என்ற பொருள் சேர்ந்து, சாற்றோடு மேலேறி, இலைப்பகுதியில் ஆக்சிஜன் கிடைத்ததும் எத்திலீனாகிவிடுகிறது. காம்பின் மேல்பக்கம் அதிகமாக நீள்வதால் காம்பு கீழே வளைகிறது. வறட்சி வாடலா, தேக்க வாடலா என்ற சந்தேகம் வந்தால் நான் முதலில் காம்பைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

அடியிலைகள் பிறகு மஞ்சளாயின. காற்றில்லா மண்ணில் பாக்டீரியா தழைச்சத்தான நைட்ரேட்டை வாயுவாக்கி விரட்டிவிடும். தண்ணீர் நிற்கும்போதே யூரியா தூவுவது வீண். அதை உறிஞ்ச வேரிடம் தெம்பு ஏது? வாய்க்கால் வெட்டி வடித்தேன். பிழைத்த செடிகளின் அடித்தண்டில் வெள்ளை வெள்ளையாக முண்டுகள் கிளம்பி, புது வேராக நீண்டன.

———

மக்காச்சோளத்தில் நானும் அந்தத் தண்டு வேர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பிளேடால் குறுக்கே வெட்டினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. வேரின் வெளித்தோலுக்கும் மையத்துக்கும் இடைப்பட்ட செல்கள் சில தாமாகவே மடிந்து, காற்று இறங்க வழிவிடுகின்றன. நெல்லுக்கு இந்தக் காற்றறைகள் தண்ணீர் தேங்காதபோதும் உண்டு. அதனால்தான் அது சேற்றிலும் அசராமல் நிற்கிறது. மக்காச்சோளத்தின் பழைய வேர்களைப் பிடுங்கினால் கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு, அதுவே வேருக்கு நஞ்சு.

———

உங்களுக்கு வாய்க்கால் வெட்டவாவது நேரம் கிடைத்தது. பப்பாளி அந்த அவகாசமே தராது. 2, 3 நாள் தண்ணீர் நின்றாலே இலை மஞ்சளாகிக் கொட்டி, மரமே போய்விடுகிறது. மேட்டுப்பாத்தி போட்ட பிறகுதான் எனக்குத் தப்பியது. களிமண்ணில் வேறு ஏதாவது செய்து காப்பாற்றியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.